இன் விச்சா, டு ஹூமா? முன்னிடைச்சொல்லுக்குப் பின் வரும் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளிலிருந்து வெளிநாட்டவருக்குப் போகும் மின்னஞ்சல்களிலும், திணைக்களங்களுக்கு எழுதும் முறைப்பாட்டுக் கடிதங்களிலும், பிள்ளைகளின் பரீட்சைக் கட்டுரைகளிலும் ஆங்கிலம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. இன், ஒன், டு, வித் போன்ற முன்னிடைச்சொல்லும், விச், ஹூம், தட் போன்ற தொடர்புப் பிரதிப்பெயரும் அடுத்தடுத்து வரவேண்டிய இடம் அது.

விதி சின்னது. முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து, ஆளென்றால் ‘ஹூம்’, மற்ற எல்லாவற்றுக்கும் ‘விச்’, உடைமை சொல்ல ‘ஹூஸ்’. அந்த இடத்தில் ‘தட்’ வராது. எழுத்து நடையில் ‘ஹூ’வும் வராது. ஒன்றும் போடாமல் வெறுமையாகவும் விட முடியாது. இதை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் எழுதும்போது பிழை விடுகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் நம்முடைய பெயரெச்சம்தான். அதை முதல் அறிகுறியிலேயே விரிவாகப் பார்ப்போம்.

இங்குள்ள ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து, ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

அறிகுறி: முன்னிடைச்சொல்லையே காணவில்லை

எழுதியிருப்பது: ‘த போட் விச் வீ கேம் இஸ் அட் பிஜன் ஐலண்ட்.’

தமிழில் நினைத்தது ‘நாங்கள் வந்த படகு புறாத்தீவில் நிற்கிறது’ என்பது. தமிழுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘வந்த’ என்ற பெயரெச்சத்தைப் பிரித்துப் பாருங்கள். நாங்கள் படகில் வந்தோம். அந்த ‘இல்’ எங்கே? பெயரெச்சமாக மாறிய உடனே உருபு மறைந்துவிட்டது. தமிழ் வாசகர் அதைத் தானாக ஊகித்துக்கொள்வார். ஆங்கிலம் அந்த ஊகத்துக்கு இடம் தராது. மறைந்த உருபை முன்னிடைச்சொல்லாக வெளியே வைத்தே தீரவேண்டும்.

திருத்தும் வழி இது:

1. வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ‘படகு புறாத்தீவில் நிற்கிறது. நாங்கள் அந்தப் படகில் வந்தோம்.’
2. இரண்டாவது வாக்கியத்தை ஆங்கிலத்தில் முழுதாக எழுதுங்கள். ‘வீ கேம் இன் தட் போட்.’ இப்போது ‘இன்’ கையில் கிடைத்துவிட்டது.
3. ‘தட் போட்’ ஆளா பொருளா? பொருள். எனவே ‘விச்’. இரண்டையும் சேர்த்தால் ‘இன் விச்’.
4. அதைத் தூக்கிப் பெயருக்கு அடுத்து வையுங்கள். எடுத்த இடத்தில் எதையும் மிச்சம் விடாதீர்கள். ‘த போட் இன் விச் வீ கேம் இஸ் அட் பிஜன் ஐலண்ட்.’

இரண்டாவது படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். மனதுக்குள் செய்யலாம் என்று தோன்றும். பழகும்வரை தாளில் எழுதுவதே நல்லது.

உருபு மறைவதால் பொருளே மாறிப்போகும் வாக்கியங்களும் உண்டு. ‘நான் பேசிய முகாமையாளர்’ என்றால் அவரோடு பேசினேனா, அவரைப் பற்றி வேறொருவரிடம் பேசினேனா? ‘த மெனேஜர் டு ஹூம் ஐ ஸ்போக்’ என்றால் அவரிடம் பேசியது. ‘த மெனேஜர் அபவுட் ஹூம் ஐ ஸ்போக்’ என்றால் அவரைப் பற்றிப் பேசியது. முறைப்பாட்டுக் கடிதத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், உதவி செய்த மனிதர் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.

எந்த உருபுக்கு எந்த முன்னிடைச்சொல் என்பதில் ‘ஓடு’வுக்கு ‘வித்’, ‘பற்றி’க்கு ‘அபவுட்’, ‘இலிருந்து’வுக்கு ‘ஃப்ரொம்’ என்று பெரும்பாலும் நேராகப் போகலாம். ‘ஆல்’ கொஞ்சம் கவனம் கேட்கும். ‘வலையால் பிடித்தார்’ என்ற கருவிப் பொருளுக்கு ‘வித்’ வேண்டும்: ‘த நெட் வித் விச் ஹீ கோட் த ஃபிஷ்’. ‘க்கு’ சில வேளை ‘டு’, சில வேளை ‘ஃபோர்’. கடிதம் கொடுத்த அதிகாரி ‘டு ஹூம்’. வேலை செய்யும் கம்பனி ‘ஃபோர் விச்’.

உண்மையான தலையிடி ‘இல்’தான். தமிழின் ஓர் ‘இல்’ ஆங்கிலத்தில் இன், ஒன், அட் என்று மூன்றாகப் பிரியும். திருகோணமலைக் கோணேசர் கோயில் சுவாமிமலை என்ற பாறையில் இருக்கிறது. மலைக்கு உள்ளே இல்லை, மேலே இருக்கிறது. ஆகவே ‘த ரொக் ஒன் விச் த டெம்பிள் ஸ்டான்ட்ஸ்’. பஸ்ஸில் வந்தால் ‘த பஸ் ஒன் விச்’, முச்சக்கரவண்டியில் வந்தால் ‘த த்ரீ-வீலர் இன் விச்’. எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஒன்’. உள்ளே புகுந்து உட்கார்ந்தபடியே போகும் கார், முச்சக்கரவண்டி, சிறுபடகு ஆகியவற்றுக்கு ‘இன்’.

காலத்துக்கும் இப்படித்தான். நாளுக்கு ‘ஒன்’, ஆண்டுக்கும் மாதத்துக்கும் ‘இன்’, மணிக்கு ‘அட்’. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய 1942 ஏப்ரல் 9 ஒரு நாள். அதற்கு ‘த டே ஒன் விச்’. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட 2009 ஓர் ஆண்டு. அதற்கு ‘த இயர் இன் விச்’. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது வழிகாட்டிகளின் குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

ஒரு விலக்கைச் சொல்லாமல் போகக்கூடாது. டே, இயர், டைம், வே, ரீஸன் ஆகிய பெயர்களுக்குப் பின் ஆங்கிலமே முன்னிடைச்சொல்லையும் பிரதிப்பெயரையும் சேர்த்து விட்டுவிடும். ‘த டே வீ கேம்’ சரி. ‘த வே ஹீ ஸ்போக்’ சரி. ஆனால் ‘த போட் வீ கேம்’ பிழை. காலமும் விதமும் காரணமும் சொல்லும் சில பெயர்களுக்குக் கிடைத்த சலுகை அது. படகுக்கும் ஆளுக்கும் கிடையாது.

அறிகுறி: தேவையில்லாத முன்னிடைச்சொல் முளைத்திருக்கிறது

முந்தியதைத் திருத்தப் பழகியவுடன் இது தலைகாட்டும். ‘த மெட்டர் அபவுட் விச் வீ டிஸ்கஸ்ட்’, ‘த ஒஃபிஸர் வித் ஹூம் ஐ கொன்டக்டட்’, ‘த மேன் வித் ஹூம் ஷீ மெரிட்’, ‘த டவுன் டு விச் வீ ரீச்ட்’. நான்கும் பிழை.

தமிழில் ஒரு விடயத்தைப் பற்றிக் கலந்துரையாடுகிறோம், ஓர் அதிகாரியோடு தொடர்புகொள்கிறோம், ஊருக்குப் போய்ச் சேர்கிறோம். அந்த உருபுகளை அப்படியே இறக்கினால் அபவுட், வித், டு எல்லாம் வந்துவிடும். ஆனால் டிஸ்கஸ், கொன்டக்ட், மெரி, ரீச், என்டர், அன்சர் ஆகிய வினைகள் பெயரை நேரடியாகவே பிடித்துக்கொள்பவை. நடுவில் எதுவும் வேண்டாம். ‘த மெட்டர் விச் வீ டிஸ்கஸ்ட்’, ‘த ஒஃபிஸர் ஹூம் ஐ கொன்டக்டட்’ என்றாலே போதும்.

இதனால்தான் இரண்டாவது படியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். ‘வீ ரீச்ட் த டவுன்’ என்று எழுதும்போது ‘டு’ இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் அகராதியில் பார்க்க வேண்டியது வினையின் மாதிரி வாக்கியத்தை. பொருளை மட்டும் பார்த்தால் இந்தச் சிக்கல் தீராது.

அறிகுறி: முன்னாலும் இன், பின்னாலும் இன்

‘த ஹோட்டல் இன் விச் வீ ஸ்டேய்ட் இன்.’ நான்காவது படியில் எடுத்த இடத்தைத் துடைக்காமல் விட்டதன் விளைவு. ஒரு ‘இன்’ போதும். முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா என்று நீங்களே தெரிவுசெய்யலாம்.

இதன் உறவுக்காரப் பிழை, மிச்சமாக நிற்கும் ஹிம், ஹேர், இட். ‘த கேர்ள் டு ஹூம் ஐ கேவ் ஹேர் த கீ’ என்பதில் ‘ஹூம்’தான் அந்தப் பெண். ‘ஹேர்’ வந்தால் ஒரே ஆளை இரண்டு தரம் சொன்னதாகிவிடும்.

அறிகுறி: முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து ‘தட்’

‘த ரூம் இன் தட் வீ ஸ்டேய்ட்’ என்று எழுதியிருந்தால் இரண்டு வழி. ‘தட்’டை ‘விச்’ ஆக்குங்கள், அல்லது ‘இன்’னைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: ‘த ரூம் தட் வீ ஸ்டேய்ட் இன்’. பின்னதில் ‘தட்’டை விட்டுவிட்டு ‘த ரூம் வீ ஸ்டேய்ட் இன்’ என்றும் எழுதலாம். முன்னிடைச்சொல் கடைசியில் நின்றால் பிரதிப்பெயர் விருப்பம். முன்னால் வந்தால் கட்டாயம்.

சரியான ஆங்கிலத்தில் ‘இன் தட்’ கண்ணில் பட்டதென்று யாராவது காட்டக்கூடும். ‘திஸ் ரூம் இஸ் பெட்டர் இன் தட் இட் ஃபேஸஸ் த சீ.’ இந்த ‘இன் தட்’ என்பதற்கு ‘என்ற வகையில்’ என்று பொருள். அது வேறு ஆள்; முன்னால் உள்ள எந்தப் பெயரையும் சுட்டவில்லை.

அறிகுறி: ஆளுக்கு ‘விச்’, பொருளுக்கு ‘ஹூம்’

திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு ‘டு விச்’ போதும். வீட்டில் பெயர் வைத்து வளர்க்கும் நாய்க்கு ‘ஹூம்’ போடுவோர் உண்டு, அது பிழையில்லை. கம்பனி, அமைச்சு, சங்கம், குழு என்றால் ‘விச்’. குடும்பம் என்று எழுதி அதன் ஆட்களை மனதில் வைத்திருந்தால் ‘த ஃபமிலி வித் ஹூம் வீ ஸ்டேய்ட்’ என்பது இயல்பாக இருக்கும். பொலிஸ், பீப்பிள் இரண்டுக்கும் எப்போதும் ‘ஹூம்’.

உடைமைக்கு வரும் ‘ஹூஸ்’ ஆளுக்கு மட்டுமே உரியது என்று பலருக்கும் ஓர் எண்ணம் உண்டு. பொருளுக்கும் தாராளமாக வரும். ‘த ஃபிஷர்மன் இன் ஹூஸ் போட் வீ வென்ட்’ எவ்வளவு சரியோ, ‘த டெம்பிள் ஃப்ரொம் ஹூஸ் ஸ்டெப்ஸ் யூ சீ த சீ’ என்பதும் அவ்வளவு சரி. ‘ஹூஸ்’ வந்தால் அடுத்ததாக ஒரு பெயர் ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: ‘ஹூம்’ போட்ட பிறகும் சிவப்புக் கோடு விழுகிறது

முன்னிடைச்சொல் வந்தால் ‘ஹூம்’ என்று நன்றாகப் படித்தவர்களே விடும் பிழை இது. ‘இட் டிபென்ட்ஸ் ஒன் ஹூம் இஸ் ஸ்டியரிங் த போட்.’ ஆசிரியர் ‘ஹூம்’ஐ வெட்டி ‘ஹூ’ என்று எழுதுவார். பிள்ளைக்குக் குழப்பம்: ‘ஒன்’ இருக்கிறதே?

‘ஒன்’ இங்கே பிடித்திருப்பது ஒரு சொல்லை அல்ல, ‘யார் படகை ஓட்டுகிறார் என்பது’ என்ற முழு வாக்கியத் துண்டை. அந்தத் துண்டுக்குள் ‘ஹூ’ எழுவாய். எழுவாய்க்கு ‘ஹூம்’ வராது. ‘த குவெஸ்ச்சன் ஒஃப் ஹூ ஷுட் பே’ என்பதும் இதே கணக்கு.

சோதனை எளிது. முன்னிடைச்சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் வாசியுங்கள். அடுத்துள்ள வினைக்கு வேறு எழுவாய் இருக்கிறதா? ‘டு ஹூம் ஐ ஸ்போக்’ என்பதில் ‘ஐ’ இருக்கிறது, எனவே ‘ஹூம்’. ‘ஒன் ஹூ இஸ் ஸ்டியரிங்’ என்பதில் ‘இஸ்’ஸுக்கு ‘ஹூ’வைத் தவிர வேறு எழுவாய் இல்லை; எனவே ‘ஹூ’.

நற்சான்றுப் பத்திரங்களின் தலையில் அச்சடித்திருக்கும் ‘டு ஹூம் இட் மே கொன்சேர்ன்’ என்பதையும் இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். ‘மே கொன்சேர்ன்’ என்ற வினைக்கு எழுவாய் ‘இட்’. அது யாரைத் தொடுகிறதோ அவரே ‘ஹூம்’. ஆகவே ‘ஹூம்’ அங்கே நிற்பது செயப்படுபொருளாக. அதே கடிதத்தைப் பொறுப்பில் இருப்பவர் எவரோ அவருக்கு என்று எழுதினால் ‘டு ஹூவெவர் இஸ் இன் சார்ஜ்’. அதில் ‘ஹூம்எவர்’ என்று எழுதினால் மரியாதை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இலக்கணப்படி அது பிழை.

அறிகுறி: ‘ஒஃப் தெம்’ வந்து இரண்டு வாக்கியம் கமாவில் தொங்குகிறது

‘தெயர் ஆர் செவன் வெல்ஸ் அட் கன்னியா, சம் ஒஃப் தெம் ஆர் வெரி ஹொட்.’ கமாவுக்கு இரண்டு பக்கமும் முழு வாக்கியம் நிற்கிறது. கட்டுவதற்கு எதுவும் இல்லை. ‘தெம்’மை ‘விச்’ ஆக்கினால் கட்டு விழும்: ‘சம் ஒஃப் விச் ஆர் வெரி ஹொட்’. ஆட்களென்றால் ‘ஹூம்’: ‘ஃபோர்ட்டி ஸ்டூடென்ட்ஸ், மோஸ்ட் ஒஃப் ஹூம் கேம் ஃப்ரொம் மூதூர்’. இங்கே ‘கேம்’முக்கு எழுவாய் ‘மோஸ்ட்’; அதனால்தான் ‘ஹூ’ வரவில்லை. போத், நன், மெனி, வன், ஓல் எல்லாவற்றுக்கும் இதே. ‘தெம்’ தான் வேண்டுமென்றால் கமாவுக்குப் பதில் முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது ‘அன்ட்’ சேருங்கள்.

அறிகுறி: ‘இன் வெயர்’

‘வெயர்’ என்பதற்குள்ளேயே ‘இன் விச்’ அடங்கியிருக்கிறது. ‘த வில்லேஜ் வெயர் ஐ லிவ்’ என்றோ ‘த வில்லேஜ் இன் விச் ஐ லிவ்’ என்றோ எழுதுங்கள். ‘த வில்லேஜ் வெயர் ஐ லிவ் இன்’ என்பதும் அதே இரட்டிப்புத்தான். ‘வென்’னுக்கும் ‘ஒன் விச்’சுக்கும் இடையிலும் இதே உறவு.

அறிகுறி: எல்லாம் விதிப்படி; ஆனால் வினை உடைந்துவிட்டது

‘த சில்ட்ரன் ஆஃப்டர் ஹூம் ஷீ லுக்ஸ்.’ விதி சரி, வாக்கியம் தவறு. ‘லுக் ஆஃப்டர்’ என்பது பராமரிப்பது என்ற ஒரே வினை. பிரித்தால் பொருள் போய்விடும். ‘த சில்ட்ரன் ஷீ லுக்ஸ் ஆஃப்டர்’ என்று ஒட்டியே விடுங்கள். புட் ஒஃப், கிவ் அப், புட் அப் வித் போன்றவையும் இப்படிப் பிரித்து முன்னால் கொண்டுபோகக்கூடாதவை. வெயிட் ஃபோர், எப்ளை ஃபோர், டிபென்ட் ஒன், லிஸன் டு ஆகியவற்றில் வினையின் பொருள் மாறுவதில்லை, அவற்றைப் பிரிக்கலாம். ‘த போஸ்ட் ஃபோர் விச் ஐ எப்ளைட்’ என்பது விண்ணப்பக் கடிதத்துக்கு மிகப் பொருத்தம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டியூரிங், பியொன்ட், பிகோஸ் ஒஃப் போன்றவை கடைசியில் நிற்க விரும்பாதவை. திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் படகு போகும் மே முதல் ஒக்டோபர் வரையான காலத்தை ‘த மந்த்ஸ் டியூரிங் விச் போட்ஸ் கோ அவுட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘டியூரிங்’ஐக் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் நொண்டும்.

அறிகுறி: பிழை ஒன்றுமில்லை, ஆனால் விறைத்துப்போய் நிற்கிறது

விருந்தினர் வட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு ‘த மேன் வித் ஹூம் யூ ஸ்போக் யெஸ்டர்டே வில் கம்’ என்று பதில் போட்டால், நீதிமன்ற அழைப்பாணை போல இருக்கும். ‘த மேன் யூ ஸ்போக் டு யெஸ்டர்டே வில் கம்’ என்பதே ஆங்கிலம் பேசுபவரின் வாயில் வருவது.

முன்னிடைச்சொல்லில் வாக்கியம் முடியக்கூடாது என்று இன்னும் சில வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் ஜோன் ட்ரைடன் 1672 இல் பென் ஜோன்சனின் வரிகளில் இதைக் குறையாகச் சொன்னார். 1762 இல் இலக்கணம் எழுதிய ரொபர்ட் லௌத், கடைசியில் வைப்பது பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் பொருந்தும், முன்னால் வைப்பது கம்பீரமான நடைக்கு அழகு என்று பிரித்துச் சொன்னார். நாங்களும் லௌத் பக்கம்தான். திணைக்களத்துக்கும் பரீட்சைக்கும் முன்னால் வையுங்கள், விருந்தினருக்கும் நண்பருக்கும் கடைசியில் விடுங்கள். ஒரே கடிதத்துக்குள் இரண்டையும் மாறி மாறிப் போட வேண்டாம்.

கடிதம் ஒன்றில் ஓட்டிப் பார்ப்பது

விடுதிக்கு எழுதும் முறைப்பாடு இப்படி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம்:

‘த ரூம் விச் வீ ஸ்டேய்ட் வோஸ் க்ளீன். த மெனேஜர் டு ஹூ வீ கொம்ப்ளெய்ன்ட் டிட் நொட் கம். இன் த டே இன் விச் வீ லெஃப்ட், த ஏசி ஃப்ரொம் தட் வோட்டர் வோஸ் ட்ரிப்பிங் வோஸ் நொட் ரிப்பெயார்ட்.’

முதல் வாக்கியத்தில் ‘தங்கிய அறை’யின் ‘இல்’ மறைந்திருக்கிறது, ‘இன்’ வேண்டும். இரண்டாவதில் ‘கொம்ப்ளெய்ன்ட்’டுக்கு ‘வீ’ என்ற எழுவாய் இருப்பதால் ‘ஹூ’ நிற்க முடியாது. மூன்றாவதில் நாளுக்கு ‘ஒன்’ வேண்டும். அதை ‘ஒன் த டே ஒன் விச்’ என்று எழுதினால் காதுக்கு முட்டும். ‘டே’க்குச் சலுகை இருப்பதால் பின்னதை விட்டுவிடலாம். ‘ஃப்ரொம் தட்’ எப்படியும் ‘ஃப்ரொம் விச்’ ஆக வேண்டும்.

‘த ரூம் இன் விச் வீ ஸ்டேய்ட் வோஸ் க்ளீன். த மெனேஜர் டு ஹூம் வீ கொம்ப்ளெய்ன்ட் டிட் நொட் கம். ஒன் த டே வீ லெஃப்ட், த ஏசி ஃப்ரொம் விச் வோட்டர் வோஸ் ட்ரிப்பிங் வோஸ் நொட் ரிப்பெயார்ட்.’